38 நாள் பாக்கி

பேங்க்ல வேலை பாக்கறவங்க காதுல போய் "இன்ஸ்பெக்ஷன்"னு மெதுவாச் சொல்லிப் பாருங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவருக்கு இட்லி தொண்டையிலயே நின்னுடும். இருபது வருஷ சர்வீஸ்ல எனக்கும் அப்படித்தான். எந்த வவுச்சர்ல கையெழுத்து விட்டுப்போச்சோ, எந்த லோன் ஃபைல்ல எந்தக் காகிதம் இல்லையோன்னு வயித்துல புளியைக் கரைக்கும்.

அப்பேர்ப்பட்டவன்கிட்ட, பைத்தான் மொழியில "இன்ஸ்பெக்ட்"னே ஒரு மாட்யூல் இருக்குன்னு என் பொண்ணு சொன்னப்போ சிரிப்புதான் வந்துச்சு. அதே மாட்யூல் 2024 ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை உக்கார வெச்சுக் கேள்வி கேட்டப்போ சிரிப்பு போயிடுச்சு. அந்தக் கதைதான் இது. நடுநடுவுல கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பயப்படாதீங்க. பி.காம் படிச்ச எனக்கே புரிஞ்சுதுன்னா உங்களுக்குப் புரியாதா :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. 2005 ஜூன்ல வேலைன்னு கிளம்பினவன்தான். ராய்ப்பூர், இந்தூர்னு சுத்திட்டு இப்ப நாக்பூர். அப்பா ஸ்கூல் வாத்தியார், 2019ல போயிட்டார். அம்மா ஊரை விட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. நாக்பூர் வெயிலுக்கு கோவில்பட்டி வெயிலே தேவலைங்கறது அவங்க கட்சி. மே மாசம் இங்க வந்து பாத்தவங்க மறுக்க மாட்டீங்க.

அப்பா விட்டுட்டுப் போனது வீடும், கொஞ்சம் டெபாசிட்டுகளும். மொத்தம் ஒன்பது ரசீது. போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம், ரெண்டு பேங்க்ல கொஞ்சம். எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு பீரோவுல வெச்சிருப்பாங்க அம்மா. காரியமெல்லாம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு அந்தப் பையை எடுத்து எல்லா ரசீதையும் போட்டோ எடுத்துக்கிட்டு, "இனிமே இதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கவலையே படாதீங்க"ன்னு சொன்னேன். பேங்க் ஆபீசர் மகன் சொன்னா அம்மா நம்பத்தானே செய்வாங்க. அன்னைக்கு மஞ்சப்பை திரும்ப பீரோவுக்குள்ள போனதுதான், அப்புறம் அவங்க அதைப் பத்திக் கேக்கவே இல்லை.

நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். முதல்ல எக்செல் ஷீட். அப்புறம் பொண்ணு பதினொண்ணாங் கிளாஸ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா. சி.பி.எஸ்.இ.யில அதுல வர்ற ப்ரோக்ராமிங் பைத்தான்தான். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கறேன்னு பக்கத்துல உக்காந்து நான் கத்துக்கிட்டேன். (எங்க தங்கமணி பாஷையில சொன்னா, அவ என்னைக் கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல சேத்தா.) கத்துக்கிட்ட கையோட அம்மா டெபாசிட்டுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். எந்த டெபாசிட்டுக்கு முதிர்வு தேதி பத்து நாளைக்குள்ள வருதோ, எனக்கு ஒரு மெயில் வரணும். அவ்வளவுதான் அதோட வேலை.

பைத்தான் 3 வந்ததுலேருந்து மாறிகளுக்கும் ஃபங்க்ஷனுக்கும் தமிழ்லயே பேர் வைக்கலாம், தெரியுமோ? கீவேர்டு மட்டும் ஆங்கிலத்துல இருக்கணும். நான் விடுவேனா. என் ஃபங்க்ஷனுக்குப் பேரு "மீதநாள்". அதோட தலைப்பு வரி இப்படி இருந்துச்சு:

டெஃப் மீதநாள்(முதிர்வு, இன்று=டேட்.டுடே()):

அடைப்புக்குள்ள இருக்கிற ரெண்டும் இந்த ஃபங்க்ஷன் வாங்கிக்கிற பாராமீட்டர்கள். முதல்ல இருக்கிற "முதிர்வு" நாம கொடுத்தே ஆகணும். ரெண்டாவதா இருக்கிற "இன்று" கொடுத்தா வாங்கிக்கும், கொடுக்கலைன்னா சமக்குறிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மதிப்பைத் தானே எடுத்துக்கும். அதுக்குப் பேருதான் டீஃபால்ட் வேல்யூ. நம்ம ஊர் டீக்கடையில "ஒரு காப்பி"ன்னு சொன்னா சீனி போட்டுத்தான் வரும். வேண்டாம்னா நீங்கதான் "சீனி இல்லாம"ன்னு சொல்லணும். அந்தச் சீனிதான் டீஃபால்ட். அதை முடிவு பண்ணினது நீங்க இல்லை, கடைக்காரர். நீங்க சும்மா இருந்ததுனால அது உங்க டம்ளருக்குள்ள வந்துச்சு.

பேங்க்காரனுக்கு இது புதுசும் இல்லை. அக்கவுண்ட் ஓப்பன் பண்ற ஸ்க்ரீன்ல பாதி கட்டம் தானாவே நிரம்பித்தான் வரும். நான் வேலையில சேந்த புதுசுல என் மேனேஜர் ஒருத்தர் சொல்வார்: "ஸ்க்ரீன் தானா நிரப்பினதா இருந்தாலும் கீழ கையெழுத்து உன்னோடது தம்பி. ஒவ்வொண்ணையும் நீயே நிரப்பின மாதிரி படிச்சுட்டுப் போடு." இருபது வருஷமா ஜூனியர் பசங்களுக்கு நானும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். சொல்றதுக்கு என்ன, நல்லாத்தான் சொல்லுவோம்.

முதல்ல ஒரு வருஷம் அந்த ப்ரோக்ராம் அருமையா ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில லேப்டாப்பைத் திறப்பேன், ஓட்டுவேன், எத்தனை நாள் பாக்கின்னு சரியாச் சொல்லும், மூடிடுவேன். 2024 ஜனவரியில பொண்ணோட பழைய லேப்டாப்புக்குப் புது பேட்டரி போட்டேன். அப்பதான் அந்த மகத்தான யோசனை வந்துச்சு. எதுக்கு வாராவாரம் நான் திறக்கணும்? ஒரு லூப் போட்டு, ஒரு தடவை பாத்துட்டு 24 மணி நேரம் தூங்கு, எழுந்து மறுபடி பாருன்னு சொல்லிட்டா தானா ஓடுமே. பைத்தானோட வர்ற ஐடில் விண்டோவுல பிப்ரவரி 2ஆம் தேதி ஓட விட்டு, லேப்டாப்பை புக் ஷெல்ஃப் மேல தூக்கி வெச்சேன். மெயில் வந்தா பாத்துக்கலாம், வரலைன்னா எதுவும் முதிரலைன்னு அர்த்தம்.

அப்புறம் மார்ச் வந்துச்சு. மார்ச் மாசம் பேங்க்ல எவ்வளவு ஆணின்னு பேங்க்காரங்க வீட்டம்மாக்களைக் கேளுங்க. இயர் எண்டிங் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள தேர்தல். ஏப்ரல் 19 நாக்பூர்ல ஓட்டுப்பதிவு, எனக்கு மைக்ரோ அப்சர்வர் டூட்டி. அன்னைக்கேதான் தமிழ்நாட்டுலயும் ஓட்டு. அம்மா போன் பண்ணி, "நான் ஓட்டுப் போட்டுட்டேன்யா, நீ போட்டியா?"ன்னு கேட்டாங்க. அப்பவும் டெபாசிட் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

ஏப்ரல் 27, நாலாவது சனிக்கிழமை, லீவு. மத்தியானம் சாவகாசமா அம்மாவுக்குப் போன் போட்டேன். மாங்காய் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடிச்சுட்டு வைக்கப்போற நேரத்துல அம்மா கேட்டாங்க.

"ஏய்யா, அந்த மூணு லச்சம் என்னாச்சு? புதுசாப் போட்டாச்சா?"

"எந்த மூணு லட்சம்மா?"

"மார்ச்சு பதினொண்ணுல முடியுதுன்னு போட்டிருந்துச்சே."

நான் பதில் சொல்லாம நின்னேன். அது ஒரு வருஷ டெபாசிட், 7.5 சதவீதம், முதிர்வுத் தொகை 3,23,141 ரூபாய். தானா புதுப்பிக்க வேண்டாம்னு எழுதிக் கொடுக்கச் சொன்னதே நான்தான். அப்போ எங்க வட்டி கூட இருக்கோ அங்க போடலாம்ங்கற கெட்டிக்காரத்தனம். முதிர்ந்து எடுக்காம கிடக்கிற டெபாசிட்டுக்கு என்ன வட்டின்னு ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில தெளிவாச் சொல்லியிருக்கு: சேமிப்புக் கணக்கு வட்டி, இல்லை ஏற்கெனவே ஒப்புக்கிட்ட வட்டி, ரெண்டுல எது குறைச்சலோ அது. இதை கவுன்டர்ல எத்தனை பேருக்கு நானே விளக்கியிருக்கேன்! சொந்த அம்மா பணம் 47 நாளா 3 சதவீதத்துல உக்காந்திருக்கு.

புக் ஷெல்ஃப் மேல இருந்த லேப்டாப்பை இறக்கித் திறந்தேன். ப்ரோக்ராம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அந்த டெபாசிட்டுக்கு தினமும் ஒரு வரி எழுதியிருந்துச்சு. 38 நாள் பாக்கி. 38 நாள் பாக்கி. 38 நாள் பாக்கி. மேல மேல தள்ளிப் பாத்தா முழுக்க 38தான். மொத்தம் 86 வரி. 86 நாளும் அது தவறாம எழுந்து வேலை பாத்திருக்கு. ஒரே பதிலைச் சொல்லிட்டு மறுபடி தூங்கப் போயிருக்கு.

முதல்ல கை போனது மூடிட்டுத் திரும்ப ஓட்டத்தான். நம்ம ஆபீஸ்ல சிஸ்டம் மக்கர் பண்ணினா அதானே வைத்தியம். பொண்ணு ஓடி வந்து கையைப் பிடிச்சா. பன்னெண்டாங் கிளாஸ் பரீட்சை முடிஞ்சு வீட்ல சும்மா இருந்தா.

"மூடாதீங்கப்பா! மூடினா எல்லாம் சரியாயிடும். அப்புறம் என்ன தப்புன்னே தெரியாது."

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பெரிய வார்த்தை. மூடினா சரியாயிடும், அதனால மூடாதே!

கண்ட்ரோலையும் சி-யையும் சேத்து அழுத்தி லூப்பை மட்டும் நிறுத்தினா. ஐடில் விண்டோவுல இப்படி நிறுத்தினா ஃபங்க்ஷன் எல்லாம் நினைவகத்துல அப்படியே இருக்கும், நாம கேள்வி கேக்கலாம். இன்ஸ்பெக்ட் மாட்யூலை இம்போர்ட் பண்ணிட்டு ஒரு வரி அடிச்சா: இன்ஸ்பெக்ட்.சிக்னேச்சர்(மீதநாள்).

சிக்னேச்சர்! தினமும் செக்ல ஸ்பெசிமன் கையெழுத்தைப் பாத்துப் பாத்துப் பாஸ் பண்றவன் நான். ஃபங்க்ஷனுக்கும் ஒரு கையெழுத்து உண்டாம். எத்தனை பாராமீட்டர், என்ன வரிசை, எதுக்கு டீஃபால்ட் உண்டு, அது என்ன, இதெல்லாம் சேந்ததுதான் அதோட கையெழுத்து. பதில் வந்துச்சு:

(முதிர்வு, இன்று=டேட்டைம்.டேட்(2024, 2, 2))

நல்லாப் பாருங்க. நான் எழுதினது "டேட்.டுடே()", அதாவது இன்னைக்கு என்ன தேதின்னு கேளுங்கற கட்டளை. உள்ள இருந்தது கட்டளை இல்லை, விடை. அதுவும் பிப்ரவரி 2ஆம் தேதி கிடைச்ச விடை.

பொண்ணு விளக்கினா. பைத்தான் டீஃபால்ட் மதிப்பை ஃபங்க்ஷனைக் கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாது. டெஃப் வரி ஓடுற அந்த ஒரே ஒரு தடவை கணக்குப் போட்டு ஃபங்க்ஷனோடயே ஒட்டி வெச்சுடும். முன்னாடி நான் ஞாயித்துக்கிழமை ஓட்டி மூடினப்போ, ஒவ்வொரு ஞாயிறும் டெஃப் புதுசா ஓடுச்சு, தேதியும் புதுசா வந்துச்சு. அதனால தப்பு தப்பாவே தெரியலை. நிறுத்தாம ஓட விட்டேன் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். நடுவுல ஒரு நாள் அந்த லேப்டாப் அணைஞ்சு நான் மறுபடி ஓட விட்டிருந்தாக்கூட தப்பிச்சிருப்பேன். புது பேட்டரி என்னைக் கவுத்துடுச்சு!

நம்ம ஊர் மளிகைக்கடையில "இன்று ரொக்கம், நாளை கடன்"னு போர்டு மாட்டியிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அதோட சூட்சுமமே "இன்று"ங்கற வார்த்தைக்குப் படிக்கிற அன்னைக்குத்தான் அர்த்தம் வரும்ங்கறதுல இருக்கு. அதனாலதான் கடைக்காரர் பிழைச்சார், "நாளை" வரவே வராது. அதே போர்டுல "பிப்ரவரி 2 ரொக்கம், மறுநாள் கடன்"னு பெயிண்ட்ல எழுதியிருந்தா? பிப்ரவரி 3ஆம் தேதியிலேருந்து ஊரே கடன் கேட்டு நிக்கும். நான் மளிகைக்கடை போர்டு எழுதறதா நெனச்சுக்கிட்டு பெயிண்ட்ல தேதி எழுதி வெச்சிருக்கேன்.

இதுக்கு வைத்தியம் ரொம்பச் சின்னது. டீஃபால்ட்டை "நன்"னு (பைத்தான்ல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்) வெச்சுட்டு, ஃபங்க்ஷனுக்கு உள்ள போய், "இன்று நன்னா இருந்தா இப்போ தேதி கேட்டுக்கோ"ன்னு எழுதணும். அப்போ கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கும். மொத்தம் ரெண்டு வரி.

ரெண்டு வரியைத் திருத்திட்டு எந்திரிச்சிருப்பேன். ஆனா மேக்கர்-செக்கர் பாத்துப் பழகின மனசு விடலை. பேங்க்ல ஒருத்தர் போட்ட என்ட்ரியை இன்னொருத்தர் பாத்துத்தான் பாஸ் பண்ணணும். என் ப்ரோக்ராம்ல மேக்கர் மட்டும்தான் இருந்தான், செக்கர் இல்லை. அதனால அன்னைக்கே ரெண்டு பேரும் உக்காந்து முழு இன்ஸ்பெக்ஷன் நடத்தினோம். ப்ரோக்ராம்ல இருக்கிற ஒவ்வொரு ஃபங்க்ஷனையும் எடு, அதோட சிக்னேச்சரை வாங்கு, அதுல "பாராமீட்டர்ஸ்"ங்கற பட்டியலைத் திற, ஒவ்வொரு பாராமீட்டருக்கும் டீஃபால்ட் என்னன்னு அச்சடி. பத்து வரிகூட வராது.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. டீஃபால்ட்டே இல்லாத பாராமீட்டருக்கு பைத்தான் "எம்ப்டி"ன்னு ஒரு தனி அடையாளம் வெச்சிருக்கு. டீஃபால்ட் "நன்" அப்படின்னு இருக்கிறது வேற, டீஃபால்ட்டே இல்லைங்கறது வேற. ஃபாரத்துல கட்டத்தைக் காலியா விட்டா நாங்க திருப்பி அனுப்புவோம், "நில்"னு எழுதுங்க, இல்லை குறுக்க கோடு போடுங்கன்னு. காலியா விட்டது மறதியா இருக்கலாம், "நில்"னு எழுதினது ஒருத்தர் யோசிச்சுச் சொன்ன பதில். அந்த வித்தியாசம் இந்த மொழியை எழுதினவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

பழைய புத்தகங்கள்ல "கெட்ஆர்க்ஸ்பெக்"னு ஒண்ணு சொல்லியிருப்பாங்க, 2022ல வந்த 3.11 பதிப்புல அதை எடுத்துட்டாங்க. அதனால சிக்னேச்சரையே பழகிக்கோங்க. ஃபங்க்ஷனோட "டீஃபால்ட்ஸ்"ங்கற பண்பை (முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு அடிக்கோடு போட்டது) நேராவே பாக்கலாம். ஆனா அதுல மதிப்புகள் மட்டும்தான் இருக்கும், எந்தப் பாராமீட்டருக்கு எதுன்னு வலது பக்கத்துலேருந்து நாமதான் எண்ணணும். நட்சத்திரக் குறிக்குப் பின்னாடி வர்ற, பேர் சொல்லியே கொடுக்க வேண்டிய பாராமீட்டர்களோட டீஃபால்ட் அதுல வராது, அதுக்குத் தனியா இன்னொரு பண்பு. சிக்னேச்சர் ரெண்டையும் சேத்துக் காட்டிடும். கிளாஸுக்குள்ள இருக்கிற மெத்தடா இருந்தா இன்னொரு சௌகரியம்: கிளாஸ் வழியாக் கேட்டா முதல்ல நிக்கிற "செல்ஃப்"பும் சேந்து வரும், ஆப்ஜெக்ட் வழியாக் கேட்டா நாம கொடுக்க வேண்டியது மட்டும் வரும்.

சரி, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஆட்சேபணைகள் பின்வருமாறு:

ஒண்ணு. "மூத்தகுடி=ட்ரூ". அம்மாவை மனசுல வெச்சு எழுதினது. மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவீதம் எல்லாருக்கும் தானா சேந்துடும். மதுரையில இருக்கிற என் தங்கச்சியோட டெபாசிட்டையும் இதுலதான் போட்டிருந்தேன். அவளுக்கு அப்போ வயசு 43. கேட்டா என்னை வெட்டிப் போட்டுடுவா.

ரெண்டு. டெபாசிட்டுகளைச் சேக்கிற ஒரு ஃபங்க்ஷன்ல "பட்டியல்" அப்படிங்கற பாராமீட்டருக்கு டீஃபால்ட் ஒரு காலி லிஸ்ட். அதுவும் ஒரே தடவை உருவாகிற லிஸ்ட்தான். அம்மாவோட ஒன்பதைச் சேத்ததும் அதுல ஒன்பது, அடுத்து மாமியாரோட மூணைச் சேத்தா அதே லிஸ்ட்ல பன்னெண்டு. இன்ஸ்பெக்ட் பண்ணினப்போ, காலியா இருக்கவேண்டிய இடத்துல பன்னெண்டு டெபாசிட்டும் வரிசையா உக்காந்திருந்துச்சு. எங்கம்மாவுக்குப் பன்னெண்டு டெபாசிட்டான்னு தங்கமணி முகத்துல ஒரு நிமிஷம் வந்த பிரகாசத்தைப் பாத்திருக்கணும் நீங்க :-)

மூணு. மெயில் அனுப்புற ஃபங்க்ஷன்ல "பெறுநர்=" என் முகவரி. என் முகவரி மட்டும்தான். ப்ரோக்ராம் சரியாவே வேலை செஞ்சிருந்தாலும், மார்ச் மாசம் வந்து குவியற நூறு மெயில்ல அது நூத்தியோராவது மெயிலா இருந்திருக்கும்.

இந்த மூணாவதுதான் என்னை நிறுத்துச்சு. முதல் ரெண்டும் பைத்தானோட குணம் தெரியாம பண்ணினது, இல்லை சோம்பல்ல பண்ணினது. மூணாவதை நான் சரின்னு நெனச்சேதான் எழுதினேன். நான் மட்டும் பாத்துக்கிட்டா போதும்னு.

திங்கட்கிழமை காலையில அம்மாவுக்கு மறுபடி போன். "பேங்க்குக்குப் போய் ரசீதுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்துடுங்கம்மா, நான் பேசிட்டேன், பத்து நிமிஷ வேலை"ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "சரிய்யா, எதுத்த வீட்டு மாரியை ஆட்டோ கூட்டியாரச் சொல்லுதேன்"னாங்க.

"ஆட்டோ எதுக்கும்மா? தெருமுனையிலதானே பேங்க்?"

"அது மாறிப்போயி ரெண்டு வருசமாச்சேய்யா. இப்ப மெயின் ரோட்டுல, மாடியில இருக்கு. எனக்குத்தான் முழங்கால் மடங்க மாட்டேங்குதே."

பிராஞ்ச் மாறினது எனக்குத் தெரியாது. மாடிங்கறது தெரியாது. முழங்கால் வலி தெரியும், ஆனா படி ஏற முடியாத அளவுன்னு தெரியாது. நடுவுல நான் ஊருக்குப் போகாம இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். நாலு நாள் இருப்பேன், அதுல ரெண்டு நாள் கோயில், ஒரு நாள் கல்யாணம். கிளம்பும்போது கடலைமிட்டாய் வாங்கிக்கிட்டு ரயிலேறிடுவேன். அந்த நாலு நாளும் அம்மா சமையலறையிலயும் திண்ணையிலயும்தான் இருப்பாங்க. படி ஏறிப் பாக்க எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வரலை, நானும் உண்டாக்கிக்கலை.

அன்னைக்கு மாரி மேல போய்ச் சொல்லியிருக்கா. அங்க இருந்த ஒரு இளம் ஆபீசர் பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு கீழ இறங்கி வந்து, ஆட்டோவுலயே அம்மாவை உக்கார வெச்சுக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கார். யாருன்னு தெரியாது. அவங்க அம்மா எந்த ஊர்ல இருக்காங்களோ. நல்லா இருக்கட்டும்.

49 நாள் தாமதம். 7.5க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டா ஏறக்குறைய 1,952 ரூபாய் நஷ்டம். பெரிய தொகை இல்லை. கணக்கு போட்டுப் பாத்துட்டு அம்மாகிட்ட சொன்னேன், நானே அனுப்பிடறேன்னு. "போடா, உங்கிட்ட யாரு கேட்டா"ன்னாங்க.

"மார்ச் 11ன்னு உங்களுக்குத் தெரியும்லம்மா, ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நீதான பாத்துக்கிடுதேன்னு சொன்ன. மார்ச்சு மாசம் உனக்கு வேலை சாஸ்தி, மறந்திருக்க மாட்டே, ஏதோ யோசனையில வச்சிருப்பேன்னு இருந்துட்டேன்யா."

2019ல ஒரு தடவை சொன்ன சொல்லு. அம்மா மறுபடி கேக்கலை, ஏன்னா நான் சொல்லியாச்சு. நானும் மறுபடி கேக்கலை, ஏன்னா அவங்க ஒண்ணும் சொல்லலை. ரெண்டு பக்கமும் பேசாம இருந்தா டீஃபால்ட்தான் ஓடும்.

அன்னைக்கு ராத்திரி இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். என் மனசுல அம்மான்னு கூப்பிட்டா வர்றது யாரு? வெள்ளைக் குடையை விரிச்சுக்கிட்டு விறுவிறுன்னு தெருமுனை பேங்க்குக்கு நடந்துபோற 53 வயசு அம்மா. 2005 ஜூன்ல நான் ரயிலேறின அன்னைக்கு இருந்த அம்மா. அன்னைக்குக் கணக்குப் போட்ட மதிப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. நெசமான அம்மாவுக்கு அப்போ 72. ஊர், தெரு, பிராஞ்ச், முழங்கால் எல்லாம் மாறிப்போச்சு. தினமும் போன் பேசறேன், ஆனா அந்த "இன்று" மட்டும் மாறவே இல்லை. வெளியூர்ல இருக்கிற நம்மள்ல பல பேருக்கு இப்படித்தான் இருக்கும்னு நெனைக்கறேன். கிளம்பின தேதியிலயே ஊரை நிறுத்தி வெச்சிருக்கோம். வருஷா வருஷம் நாலு நாள் போயிட்டு வர்றதுல அது சரியாயிடுச்சுன்னும் நெனச்சுக்கறோம்.

இப்போ என்ன பண்றேன்னா, ப்ரோக்ராம் இருக்கு, திருத்தியாச்சு. மெயில் தங்கச்சிக்கும் போகுது. ஆனா ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு அம்மாகிட்ட நானே கேக்கறேன். "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்யா"தான் வரும், அது அம்மாவோட டீஃபால்ட். அதனால பேர் சொல்லிக் கேக்கறேன். மாடிப்படி ஏறினீங்களா, மாத்திரை எத்தனை பாக்கி, இந்த மாசம் எங்கெல்லாம் ஆட்டோவுல போனீங்க. முதல்ல ரெண்டு மாசம், "என்னடா போலீஸ்காரன் மாதிரி கேக்குத"ன்னாங்க. இன்ஸ்பெக்ஷன்மா, பழகிக்கோங்கன்னுட்டேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் மக்களே. இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது மஞ்சப்பையைத் திறக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு ரசீதுலயும் மூணு விஷயம் கேளுங்க: முதிர்வு தேதி என்ன, முதிர்ந்தா என்ன ஆகும்னு எழுதியிருக்கு, நாமினி யாரு. பத்து வருஷம் யாரும் கேக்காம கிடக்கிற டெபாசிட் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். அப்புறமும் பேங்க் மூலமாத் திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனா அலைச்சல். அப்படி எங்கயாவது கிடக்கான்னு தேட, 2023 ஆகஸ்ட்லேருந்து ரிசர்வ் வங்கியோட "உத்கம்" தளம் இருக்கு. எல்லாக் கட்டத்தையும் படிங்க, முக்கியமா தானா நிரம்பினதை.

கடைசியா ஒண்ணு. போன தடவை ஊருக்குப் போனப்போ அம்மா அந்தப் பழைய ரசீதை வெச்சிருந்த இடத்தைக் காட்டினாங்க. ரசீதோட சேத்து ஒரு தினசரி காலண்டர் தாள் மடிச்சு இருந்துச்சு. மார்ச் 11, திங்கள். ஓரத்துல பென்சில்ல "பேங்க்"னு எழுதியிருக்கு. மறுநாள் கிழிச்சப்போ தூக்கிப் போட மனசில்லாம உள்ள வெச்சிருக்காங்க.

பொண்ணு அவங்களுக்கு ஆர்வமா விளக்கிக்கிட்டு இருந்தா, அப்பாவோட ப்ரோக்ராம்ல தேதி எப்படி மாறாம நின்னுபோச்சுன்னு. அம்மா முழுசாக் கேட்டுட்டுச் சொன்னாங்க:

"அப்ப அந்த மிசினுக்கும் ஒரு காலண்டர் வாங்கி மாட்டுங்க. தினம் காலையில யாராவது கிழிக்கணும்லா?"

டிஸ்கி: "மூத்தகுடி=ட்ரூ" விவகாரம் என் தங்கச்சிக்கு இதுவரைக்கும் தெரியாது. படிக்கிறவங்க யாரும் மதுரைப் பக்கம் போய்ச் சொல்லி வெச்சுடாதீங்க, புண்ணியமாப் போகும்!